வெள்ளிக்கிழமை மட்டும் வரும் தம்பி

இன்டர்நெட்டில் அந்த நட்பு சைட்டின் பெயரைக் கேட்டாலே விக்டோரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். 2008-ல் கவரைப்பேட்டை கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் அதிலேதான் கிடந்தார்கள். எவனோ ஒரு படுபாவி அவள் படத்தைத் திருடி, அவள் பேரிலேயே நாலு பக்கம் திறந்து வைத்திருந்தான். பதினோரு முறை புகார் கொடுத்தாள். பதினோரு முறையும் அதே இங்கிலீஷ் கடிதம்தான் திரும்பி வந்தது. உள்ளே மனுஷன் என்று ஒருத்தன் இருந்தால்தானே!

"இந்தப் பேஜாரே வேணாம்டி, எல்லாரும் வேற சைட்டுக்குப் போயிடலாம்" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தவள், கூட வேலை செய்யும் செல்வி. சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். அதை நம்பித் தன் பக்கத்தை அழித்தவள் விக்டோரியா ஒருத்திதான். "இன்னா பண்றது, எல்லாரும் அங்கதான கீறாங்க" என்று செல்வி அசடு வழிந்தாள்.

இப்போது அம்மா ஞானம்மா பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுகிறாள். ஞாயிறு தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கண் திறக்கும்போதெல்லாம் "பென்னி" என்கிறாள். தம்பி பென்னி கத்தாரில். வேலையாட்கள் தங்கும் கேம்ப் மாறியதில் பழைய நம்பர் போயிற்று. வெள்ளிக்கிழமை லீவில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன சைட்டுக்கு வருவான்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். புதுப் பக்கம் திறந்து, தன் படத்தைப் போட்டு எழுதினாள்.

"டேய் பென்னி, அக்காடா. அம்மாக்கு ரொம்ப முடியல. ஒடனே உன் நம்பர் குடு."

பதில் வந்தது. "நம்பர் புடுங்கத்தான எல்லாரும் அக்கான்னு சொல்லிக்கினு வரீங்க?"

"சத்தியமா நான்தான்டா! உன்னை கருவாட்டுத் திருடான்னு அம்மா கூப்புடுமே!"

"அத என் பக்கத்துலயே படிச்சிக்கினு வந்துட்டியா?"

ஐயோ! இரண்டு வருஷமாக அக்காவும் தம்பியும் பேசியதெல்லாம் ஊரே படிக்கும்படி அங்கேதானே கிடந்தது! எழுதாத ஒன்றைத் தேடி மண்டையைக் குடைந்தாள். அப்பா செத்த அன்றைக்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்து இரண்டு பேரும் அழுதது நினைவுக்கு வந்தது. அதை அடித்து முடிப்பதற்குள் பென்னி அவளை பிளாக் செய்துவிட்டான்.

சைட்டில் தன் பெயரையே தேடினாள். அவள் படம் போட்ட போலிப் பக்கம் ஒன்றில் பென்னி அப்போதுதான் எழுதியிருந்தான். "அக்கா, நீ பழைய பக்கத்த மூடிட்டு இங்க வந்தது நல்லதாப் போச்சு. இப்பகூட ஒருத்தி உன் பேர்ல வந்தா, தொரத்திட்டேன். அம்மா எப்டி கீது?"

அதன் கீழே அவள் முகமே சிரித்தபடி பதில் சொல்லியிருந்தது. "சூப்பரா கீது. நீ இன்னாத்துக்குக் கவலப்படற?"