விட்டுப்போன வரி

நான் அருங்காட்சியகக் காவலாளி. என் பொறுப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், கையால் அச்சுக்கோத்து நூறே பிரதி போட்ட புனித நூல். வெளிச்சத்தில் தாள் கெடும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்புவார்கள். திருப்பிய மறுநாளே ஒரு தையல்காரர் வந்து முழுசாக வாசித்துவிட்டுப் போவார்.

"அண்ணே, இதே புத்தகம் தெருமுனைக் கடையில சல்லிசாக் கிடைக்குமே?"

"வீட்ல இருக்கு தம்பி. அதோட ஒத்துப் பாக்கத்தான் வரேன். இந்தப் பக்கத்துல ஒரு வரி விட்டுப்போச்சு."

காப்பாட்சியர் அம்மாவிடம் சொன்னேன். அந்தத் தாளையும் தோல் அட்டையையும் பற்றி முப்பது பக்கக் கட்டுரை எழுதியவர், வெலவெலத்துப்போனார். மறுவாரம் முகமெல்லாம் பல். விசாரித்ததில், மற்ற தொண்ணூற்றொன்பதிலும் திருத்திவிட்டார்களாம்; திருத்தாமல் தப்பியது நம்முடையது மட்டும்தானாம்!

இனி பக்கம் திருப்பக் கூடாதென்று உத்தரவு. தையல்காரரின் வாசிப்பு அதோடு நின்றது. இப்போது பெட்டியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. "எந்த இடத்துல இல்ல?" என்று கேட்டுக் கேட்டுப் படம் எடுக்கிறார்கள். காட்டிக் காட்டி என் கை வலிக்கிறது. அந்த வரி என்ன சொன்னது என்று இந்த நிமிஷம் வரை ஒரு ஜீவன் கேட்கவில்லை.