மாச்சய்யாவுக்கு இரண்டு வெடி

சமையல்கட்டுப் பரணிலிருந்து அங்கம்மா சாக்குப்பொதியை இழுத்தாள். வாசலில் ஒப்பாரி உச்சத்தில் இருந்ததால் இரும்பு சுவரில் இடித்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. மகன் குமாரவேல் மட்டும் ஓடிவந்தான்.

"மா, இன்னா பண்றே? அத்த எடுக்காதே."

"உங்கப்பனுக்கு ரெண்டு வெடி போடணும்டா. நீதான் சுடணும்."

பொதிக்குள் இருந்தது இரட்டைக்குழல் துப்பாக்கி. அவள் புருஷன் மாச்சய்யா குடகு மலையிலிருந்து ராயபுரத்துக்கு ஆலைக் காவலாளியாக வந்தபோது டிரங்குப் பெட்டியோடு அதையும் கொண்டுவந்தார். அவர் ஊரில் குடகர் வீட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, யாராவது செத்தால் இரண்டு வெடி. ஆனால் ரயிலேறி மதராஸில் இறங்கியதும் அதுவே கள்ளத் துப்பாக்கியாகிவிட்டது. லைசென்ஸ் கேட்டுப் போனவரை, வாட்ச்மேனுக்குத் துப்பாக்கி ஒரு கேடா என்று விரட்டினார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம்தான்.

வெறும் ஊர் வழக்கம்தான் என்றால் அங்கம்மா பேசாமல் இருந்திருப்பாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவளை உலுக்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு வெடி கேட்டாத்தான் நான் போனது எனக்கே தெரியும் அங்கம்மா. இல்லேன்னா டூட்டி முடிஞ்சுதுனு விடிகாலைல வூட்டுக்கு வந்து நிப்பேன்." அந்த மனுஷன் எதைத்தான் சிரிக்காமல் சொன்னார்?

வாசலில் அவள் தம்பி தேசப்பன் பாடை கட்டிக்கொண்டே எதிர்வீட்டுப் போலீஸ்காரர் சுயம்புவிடம் நூல் விட்டுப் பார்த்தான்.

"ஒரே நாடுதானே சுயம்பு? அங்க செத்தவனுக்குச் சுட்டா மரியாதி, இங்க சுட்டா ஜெயிலா?"

"அங்க வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு அனுமதி குடுத்துட்டான். இந்தச் சந்துல குடுத்துப் பாரு. போன மாசம் மீன் பங்குத் தகராறுல துடுப்பாலயே எத்தினி மண்டை ஒடைஞ்சுது? துப்பாக்கி இருந்துதுன்னா இன்னிக்குப் பாடை தூக்க ஆள் இருக்குமா?" சுயம்பு குரலைத் தாழ்த்தினார். "மாச்சய்யா நல்ல மனுஷன்தான். ஆனா என் காதுல சத்தம் வுயுந்தா நான் சும்மா இருக்க முடியாது, பாத்துக்க."

அந்தப் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை என்று உள்ளேயிருந்த அங்கம்மாவுக்குப் பட்டது. அதற்காக அவரை அப்படியே அனுப்பிவிட முடியுமா?

"துறைமுகத்துல வேலை இப்பத்தான் கெடைச்சிகீது. மாட்னா எல்லாம் போச்சும்மா" என்றான் குமாரவேல். சொல்லும்போதே அழுதான். அவனுக்கும் அப்பாதானே!

தேசப்பன்தான் வழி கண்டுபிடித்தான். சுடுகாட்டு வழியில் சரவெடி கொளுத்தும்போது, அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சுட்டுவிடலாம். துப்பாக்கியை மாச்சய்யாவின் பாயில் சுருட்டிக்கொண்டு போனார்கள். பெண்கள் சந்து முனையோடு நின்றார்கள். தூரத்தில் சரவெடி படபடவென்று வெடித்தது. அங்கம்மா மூச்சைப் பிடித்துக் கேட்டாள். அதில் எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை.

"சுட்டேம்மா, ரெண்டும்" என்றான் குமாரவேல், குளித்த ஈரத்தோடு வந்து.

தேசப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பக்கத்துல நின்ன எனக்கே எது வெடி, எது துப்பாக்கினு தெரில யக்கா. சுயம்பு திரும்பிக்கூடப் பாக்கல."

அங்கம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனுக்கே தெரியவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மறுநாள் விடிகாலையில் ஆலைச் சங்கு ஊதியது. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. வைத்தது தன் கைதான் என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சந்து முனையில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. நாய்களை விரட்டிக்கொண்டு மாச்சய்யா வருகிற அதே தட்டல். வாசலுக்கு வந்து நின்றது. ஒரு இருமல். கதவைத் திறந்தாள். யாருமில்லை.

குமாரவேல் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் சுட்டேம்மா. சத்தியமா."

"நீ சுட்டேடா. அவுருக்குத்தான் கேக்கல."

பயம் போய் அவளுக்குப் பாவமாக இருந்தது. ராத்திரியெல்லாம் நின்றுவிட்டு வந்த மனுஷன், போய்விட்டதை யாரும் சொல்லாமல் வாசலிலேயே நிற்கிறார். மறுபடி பரணுக்கே போயிருந்த துப்பாக்கியை ஏறி இறக்கினாள். மிச்சமிருந்த இரண்டு தோட்டாக்களையும் போட்டாள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு அதைத் துடைத்தவளுக்கு இது தெரியாதா? மகன் கையைப் பிடித்தான்.

"நீ படு. நீ எதையும் பாக்கல."

படியிறங்கி, கடல் பக்கமாகக் குழலை உயர்த்தினாள். முதல் வெடிக்குக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. இரண்டாவது அவளைச் சுவரோடு தள்ளியது. சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன. தடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

எதிர்வீட்டிலிருந்து சுயம்பு காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னா அங்கம்மாக்கா இது..."

அவள் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பிலிருந்த டீயை மாச்சய்யாவின் பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி சுயம்பு. குடிச்சிட்டு டேசனுக்குப் போலாம்."

சுயம்பு டம்ளரை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அங்கம்மா கூந்தலை முடிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள்.