வலது பக்க ஸ்பிரிங்

1

“ஏம்பா மாரி! நல்லா நின்னுகினு இருந்த காரை இன்னா பண்ணி வச்சிக்கிற? ஒரு பக்கம் உக்காந்துகினு, ஒரு பக்கம் எழுந்துகினு கீது!”

“கத்தாதீங்கக்கா. எடது பக்கம் பாருங்க, எவ்ளோ அம்சமா எறங்கிருக்கு!”

“எடது பக்கத்த மட்டும் ஓட்டிகினு போவியா? வூட்டு வாசல்ல இப்டி நொண்டி வண்டி நின்னா பாக்குறவன் இன்னா நெனைப்பான்?”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (துணி காய்ந்துவிட்டது. எடுத்து மறுபடி காயப்போட்டேன். சண்டை முடியவில்லையே.)

2

‘வடக்குப்பட்டு வயல்களில் இன்று நெல்லுக்குப் பதிலாக இரும்பு விளை–’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.

கத்தியவள் பாஞ்சாலி, வீட்டுக்காரி. வாங்கிக் கட்டிக்கொண்டவன் மாரிராஜ், மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன், சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. நாள் முழுக்கக் கார் செய்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். அன்று முன்சக்கர ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிவிட்டு, வண்டியைத் தரையோடு தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் வாங்கி மாட்டியிருந்தான். தாழ்ந்தால்தான் அழகாம். எங்கள் தெருவில் தாழ்ந்தால் சாக்கடை மூடிதான் தட்டும். அதை யார் சொல்வது?

அன்றைக்கு அது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. சாயங்காலம், அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் இசக்கிசெல்வியின் அப்பா முப்பிடாதி ஊரிலிருந்து வருகிறார், மாப்பிள்ளையைப் பார்க்க. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து இந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும். அவர் ஏற்கெனவே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: கல்யாணம் என்றால் மகள் வேலையை விட்டுவிட வேண்டும். அவளோ விடுவதாக இல்லை. (இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது அவன் தப்பு.)

2, மறுபடியும்

இசக்கிசெல்வியை முதல் வரைவில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு வைத்தேன். அழகாக இருந்தாள், ஆனால் கதையில் அவளுக்கு வேலையே இல்லை. அடித்துவிட்டு உண்மையை எழுதுகிறேன்: அவளும் அதே கம்பெனி, அதே லைன். வண்டி நகர்ந்து வரும்போது இடது முன்சக்கர ஸ்பிரிங் மாரிராஜ், வலது முன்சக்கர ஸ்பிரிங் அவள். நடுவில் எப்போதும் ஒரு கார். சக்கரம் மாட்டாத வளைவு வழியாகப் பார்த்துப் பார்த்தே காதலித்தவர்கள்.

ஆக, அவன் வாழ்நாளில் வலது பக்கம் மாட்டியதே இல்லை!

3

போன் போட்டதும் ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள்.

“இது என்ன வேல பாத்து வச்சிருக்கிய? ஸ்பிரிங் நுனி பள்ளத்துல உக்காரவே இல்ல. எடது பக்கம் திருப்புத மாதிரியே திருப்பிருக்கிய.”

“கை அப்டித்தாம்ட்டி போவுது.”

“கைய எடும், நான் பாக்கேன்.”

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை அவன் பிடித்துக்கொள்ள, அவள் கழற்றினாள், திருப்பினாள், உட்காரவைத்தாள். ஜாக்கியை இறக்கியதும் வண்டி சமமாக நின்றது. பாஞ்சாலி கைதட்டினாள். நானும் தட்டியிருப்பேன், நான்தான் அங்கே இல்லையே, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

4

போகும்போது மாரிராஜ் தனியாக, வாசல் ஸ்பீடு பிரேக்கரை வழுக்கிக்கொண்டு தாண்டினான். (கம்பெனி பஸ்களுக்குப் பயந்து பாஞ்சாலி புருஷன் ரகுபதி தன் கையால் போட்டது. நந்திமலை என்போம்.) திரும்பும்போது முன்னால் முப்பிடாதி. நல்ல கனமான மனிதர். பின்னால் மகள், அப்பாவை வரவேற்க முன்னதாகவே பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தவள்.

டமார். வண்டியின் வயிறு நந்திமலையில் இடித்து நின்றது.

லைனில் வண்டி எப்போதும் காலியாகத்தான் போகும். ஆள் உட்கார்ந்தால் அது இன்னும் இறங்கும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் இறங்கினார்கள். காலி வண்டி தாண்டியது. முப்பிடாதி வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியைச் சுற்றி வந்தார்.

“மாப்ள, ஸ்பிரிங் நீரா மாட்டினீரு?”

இங்கே அவன் ‘ஆமா’ என்று சொல்வதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவன் சம்மதிக்கவில்லை.

“எடது நான், மாமா. வலது ஒங்க மவ. அவ வரலைன்னா வண்டி கோணலாத்தான் வந்திருக்கும். லைன்லயும் அப்டித்தான்.”

முப்பிடாதி மகளைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது! எத்தனை வருஷமாக இந்தத் தெருவில் ஒரு வார்த்தை தப்பவிடாமல் கேட்கிறேன், அந்த ஒரு வாக்கியம் போய்விட்டது. பஸ் நகர்ந்தபோது முப்பிடாதி சிரித்துக்கொண்டிருந்தார், இசக்கிசெல்வி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள், மாரிராஜ் காரணமில்லாமல் டயரை உதைத்துக்கொண்டிருந்தான்.

5

தையில் கல்யாணம். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோய்விட்டார்கள்; வீடு பார்க்கும்போது முதலில் தெருவைத்தான் பார்த்தார்களாம். இரண்டு பேரும் அதே ஷிப்டு: அவன் இடது, அவள் வலது. மாடி அறைக்கு அந்தோணிராஜ் என்று ஒருவன் வந்திருக்கிறான். சைக்கிள்தான் வைத்திருக்கிறான். பாஞ்சாலிக்குக் கத்த ஆளில்லை, பாவம், இளைத்துவிட்டாள்.

முப்பிடாதி அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டுப் பார்த்தேன். அன்று வாசலிலேயே நின்றிருந்த பாஞ்சாலி, “சொன்னா நீ எழுதிடுவ” என்றுவிட்டாள். ஆகவே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

“……………………………………”

கொஞ்சம் சத்தமாக. நான் மாடியில்தான் இருக்கிறேன்.