சட்டைக்குள் வாத்துக் குஞ்சுகள்

வாத்துக் குஞ்சுகளை வைக்க அந்த வீட்டில் மரியராஜின் கட்டிலுக்குப் பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை. டிராக்டர் கவிழ்ந்து கால் முறிந்ததிலிருந்து, தொடை வரை மாவுக்கட்டோடு அவன் அங்கேதான் கிடந்தான். யாரோடும் பேசப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருப்பான்.

அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்த்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, வரப்போரம் கிடந்த முட்டைகளை அவன் மனைவி எஸ்தர் பொறுக்கி வந்து அடைக்கோழிக்கு வைத்தாள். ஆறு பொரித்தன. பொரித்த கையோடு கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது.

எஸ்தர் அட்டைப்பெட்டியில் உமி பரப்பிக் குஞ்சுகளை விட்டாள். வீட்டில் இருந்ததெல்லாம் எல்இடி பல்பு. அதில் சூடு கிடையாது. உத்தமபாளையத்தில் கடைகடையாக ஏறி இறங்கி ஒரு குண்டு பல்பு வாங்கிவந்து, பெட்டிக்கு மேலே தொங்கவிட்டாள்.

"சும்மாதான இருக்கீக, குஞ்சுகளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காலையில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போனாள்.

அந்தச் 'சும்மா' அவனுக்குச் சுருக்கென்றது.

மதியம், குடிக்க வைத்திருந்த தட்டுத் தண்ணீரில் குஞ்சுகள் முட்டிமோதுவதைப் பார்த்தான். வாத்துதானே, நீந்தட்டுமே என்று தோன்றியது. கட்டிலடியில் இருந்த முகம் கழுவும் பேசினை இழுத்து, பக்கத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றாக விட்டான். அவை வளைய வளைய நீந்தின. தன்னை அறியாமல் சிரித்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று தலையைத் தொங்கப் போட்டது. அள்ளி வெளியே எடுத்தால் எல்லாம் நனைந்து, உடம்போடு ஒட்டிய மயிரோடு வெடவெடவென்று நடுங்கின. கரண்டும் போய்விட்டது. வாத்து வளர்க்கும் கூட்டாளி ராக்கையாவுக்குப் போன் போட்டான்.

"ஏலே, தாய் வாத்து கூட இருந்தா அது இறகுல உள்ள எண்ணெ குஞ்சு மேல படும். இதுகளுக்கு அது இல்ல, தண்ணி தாங்காது. நல்லாத் தொடச்சு ஒடம்புச் சூட்டுல வையி" என்றான் அவன்.

மரியராஜ் துண்டால் துடைத்துச் சட்டைக்குள் விட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

சாயங்காலம் எஸ்தர் வந்தபோது ஒரு குஞ்சு துண்டின் மேல் விறைத்துக் கிடந்தது.

"நான்தான் தண்ணியில விட்டேன். நீந்தும்னு நெனச்சேன்."

"எனக்கும் இதெல்லாம் தெரியாதுங்க" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மத்ததுக?"

"உள்ளதான் இருக்கு. நெஞ்சக் கொத்துதுக."

அவள் அவன் சட்டையின் மேல் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக என்னவோ நெளிந்தது.

"காலு பழையபடி ஆகுமான்னு பயமா இருக்கு புள்ள" என்றான் அவன், திடீரென்று.

"டாக்டரு ஆகும்னுதான சொன்னாக."

"சொன்னாக. இருந்தாலும் பயமாத்தான் இருக்கு."

இதை அவன் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் கையை எடுக்கவில்லை. கரண்டு வந்த பிறகும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாளிலிருந்து தீனி, தண்ணீர், உமி மாற்றுவது எல்லாம் அவன் பொறுப்பானது. மாவுக்கட்டைப் பிரித்து அவன் ஊன்றுகோலோடு தெருவில் இறங்கியபோது, அரைகுறையாக இறகு முளைத்த ஐந்தும் பின்னாலேயே வந்தன. அவன் மெதுவாகத்தான் நடந்தான். அவற்றுக்கும் அவசரமில்லை.