பியோனாவுக்கு ஊர் காட்டிய நாள்

பேர்டிக்கு ஆட்களில் நம்பிக்கை கிடையாது. வங்கியை நம்பமாட்டார், டொக்டரை நம்பமாட்டார், கடல் அமைதியாக இருக்கும் என்று சொல்லுகிற ரேடியோவை நம்பவே மாட்டார். எழுபத்துநாலு வயசிலும் தன் ஆட்டோவைத் தானே ஓட்டுகிறார் என்றால், இன்னொருத்தன் கையில் கொடுத்தால் வண்டியைக் கெடுத்துப்போடுவான் என்ற சந்தேகத்தில்தான்.

அப்படிப்பட்ட மனிசன் அன்றைக்கு, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, காந்திப் பூங்கா முன்னால் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து நின்றார். பாசிக்குடாவில் தங்கியிருக்கிற வெளிநாட்டுப் பெண் ஒன்று ஊர் சுற்றிப் பார்க்க வருகிறது. பெயர் பியோனா. மெல்பனில் வளர்ந்த பிள்ளை. செத்துப்போன அவருடைய மகன் ரொபினுக்கு இருந்த ஒரே பிள்ளை.

அது பேர்டிக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மூன்று நாளைக்கு முன் சார்மெயின் போன் எடுத்தாள். ரொபினின் பெண்சாதி அவள். ரொபின் செத்த அடுத்த வருசமே அவுஸ்திரேலியாவுக்குப் போனவள், அங்கே இயன் என்று ஒருத்தனைக் கட்டினவள். இருபது வருசத்தில் இது அவளுடைய மூன்றாவது போன்.

"மாமா, பியோனா கூட்டாளிமாரோட சிலோன் வந்திரிக்காள். ஒருநாள் மட்டக்களப்பப் பார்க்கோணுமாம். தெரிஞ்ச ஒராள் ஆட்டோ வச்சிரிக்கார் எண்டு உங்கட நம்பரக் குடுத்திரிக்கன்."

"தெரிஞ்ச ஒராளா? நான் அவளுக்கு அப்பப்பா."

"அவளுக்கு இயன்தான் அப்பா. அப்பிடித்தான் வளர்ந்திரிக்காள். ரொபினப் பத்தி இன்னும் சொல்லல்ல. சொல்லத்தான் போறன். ஆனா நான்தான் சொல்லோணும் மாமா, நீங்க இல்ல. வாக்குத் தாங்க. இல்லாட்டி வேற ஆட்டோ பிடிக்கச் சொல்லுறன்."

வாக்குக் கொடுத்தார். வேறென்ன செய்ய? ஆனால் போனை வைத்த கையோடு அதை உடைக்க வழி தேடினார். இருபது வருசம் சொல்லாதவள் இனியா சொல்லப்போகிறாள்? அவள் வாய் திறக்கும்வரைக்கும் தான் உயிரோடு கிடப்பேனா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சேமக்காலையில் ரொபினின் கல்லறை இருக்கிறது. கல்லில் இங்கிலிசில் வெட்டியிருக்கிறது: பேர்டியின் மகன், சார்மெயினின் கணவன், பியோனாவின் தகப்பன். அவர் வாய் திறக்கவே தேவையில்லை. கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் போதும், கல்லே சொல்லிவிடும். வாக்கும் உடையாது.

மனசுக்குள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பிள்ளை வந்து இறங்கியது. ஒல்லி, வெயிலில் சிவந்த மூக்கு, முதுகில் ஒரு பை. "பேர்டி அங்கிள்?" என்று சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் பேர்டிக்கு ஆட்டோச் சாவி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏறு புள்ள. எங்க போகோணும்?"

"லிஸ்ட் வச்சிரிக்கன்." தமிழ் கதைத்தது, தாய்க்காரியின் தமிழ், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி. போனை நீட்டியது. மட்டக்களப்பில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறான். பேர்டி வாசிக்கத் தெரிந்தவர் மாதிரி பார்த்துவிட்டு, "நீயே சொல்லு, கண்ணாடி எடுத்துவரல்ல" என்றார்.

கோட்டை, எருமைத் தயிர், வெளிச்சவீடு, வாவியில் வள்ளம், நண்டுக் கறி, கள்ளு, கல்லடிப் பாலம். கடைசியாகப் பறங்கியரின் பழைய சேமக்காலை.

"அதுவும் கிடக்கா?" என்றார் பேர்டி. கடவுளே தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

கோட்டையைச் சுற்றிக் காட்டினார். "போர்த்துக்கீசன் கட்டினது. பிறகு ஒல்லாந்தன் பிடிச்சான், பிறகு வெள்ளைக்காரன். இப்ப அரசாங்கக் கந்தோர். உள்ளுக்க போனா ஒரு முத்திரைக்கு அரை நாள் நிப்பாய். வெளிய நிண்டு படம் எடு, காணும்." தயிர்ச் சட்டி கட்டித் தொங்கவிட்ட கடையில் அவரே சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். தண்ணி விடாத சட்டியாகப் பார்த்து எடுத்தார். தயிருக்கு மேலே விடுகிற கித்துள் பாணியைக் கடைக்காரனிடம் விடாமல் தானே ஊற்றினார். பிள்ளை கரண்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டது. மூக்கு நுனியில் தயிர். துடைத்துவிடக் கை எழும்பியது. மடக்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வழியில் தவறணையில் ஒரு போத்தல் கள்ளும் வாங்கினார். பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தது. "அரைவாசி தண்ணி. நல்ல கள்ளெண்டா இந்நேரம் பாட்டுப் படிச்சிரிப்பாய்" என்றார்.

வெளிச்சவீட்டடியில் வள்ளக்காரர்கள் கூப்பிட்டார்கள். கண்டல் மரங்களுக்குள்ளே ஒரு சுற்றுப் போய்வர அரை மணித்தியாலம். பியோனா கரையில் காலை வைத்தது, தண்ணி கணுக்காலில் பட்டதும் இழுத்துக்கொண்டது.

"வேணாம் அங்கிள். நான் வள்ளத்தில ஏறமாட்டன்."

"முழங்கால் அளவு தண்ணிதான் புள்ள."

"தெரியும். ஆனா ஏலாது. முகத்தில தண்ணி பட்டாலே எனக்கு மூச்சு நிண்டுடும். சின்னதில குளிக்கக்குள்ள தொட்டிக்குள்ள விழுந்திட்டனாம், அம்மா சொன்னா."

பேர்டி வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். தொட்டியுமில்லை, மண்ணுமில்லை. டச்பாரில் அவருடைய வீடு கடலிலிருந்து நூறு அடி. ரொபின் போன வருசம், யேசு பிறந்த நத்தாருக்கு எல்லாரும் அங்கேதான். பேர்டியைப் போல போர்த்துக்கீசன், ஒல்லாந்தன் வழி வந்த பறங்கி ஆட்களுக்கு அது முறை: நத்தார் இரவு மூத்தவன் வீட்டில் கூடி, விடிய விடியக் கபறிஞ்ஞா ஆடி, அடுத்த நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் வெளிக்கிட வேண்டும். அதற்கு முந்திப் படி இறங்கினால் மூத்தவனுக்கு அவமானம். பிள்ளைக்குக் காய்ச்சல், இரவே டவுன் வீட்டுக்குப் போகிறோம் என்று சார்மெயின் கேட்டாள். "என்ட வீட்டில இருந்து சாப்பிடாம ஒருத்தரும் போறேல்ல" என்று பேர்டிதான் கதவுக்குக் குறுக்கே நின்றார். ரொபின் சிரித்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினான்.

காலையில் கடல் வீட்டுக்குள் வந்தது.

மூன்றாம் நாள் ரொபினை வாவிப் பக்கமிருந்து எடுத்தார்கள். பெட்டியை இறக்கும்போது பேர்டி எல்லார் முன்னாலும் சார்மெயினைப் பார்த்துக் கத்தினார்: "புள்ளயப் பிடிக்கத் தெரிஞ்ச உனக்கு என்ட மகனைப் பிடிக்கத் தெரியல்லியா?" அவள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. கதவை மறித்தது யாரென்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்றுவரை தொண்டையில் முள்.

மத்தியானம் பாலமீன்மடு றோட்டில் புஸ்பத்தின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன பேர்டியண்ணன், வெள்ளைச் சேட்டு! பொம்புள பார்க்கவா போறீங்க?"

"வாயப் பொத்திக்கொண்டு நண்ட வை. நேத்தையான் நண்டு வச்சா விளங்கும்."

"உங்களுக்கு எண்டாத்தான் நேத்தையான். புள்ளைக்கு இண்டைக்குப் பிடிச்சது." புஸ்பம் கறியை வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் கிட்ட வந்து பார்த்தாள். "இது ஆரு? எங்கயோ கண்ட முகமாக் கிடக்கு. அண்ணன், இது நம்மட ரொ..."

"புஸ்பம், சோறு!" என்று பேர்டி போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

புஸ்பம் கெட்டிக்காரி. கிழவனையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். சீலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு குசினிக்குள் போனவள், சோற்றோடு கேளாமலே இன்னொரு நண்டையும் கொண்டுவந்து பிள்ளையின் பீங்கானில் வைத்தாள்.

நண்டு உடைக்கத் தெரியாமல் பிள்ளை தடுமாறியது. பேர்டி பல்லால் கடித்து உடைக்கக் காட்டிக்கொடுத்தார். அவருக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியில் நின்றது. எத்தனையோ வருசமாக வெறுத்துக்கொண்டிருந்த ஆளைப் பற்றிய கேள்வி.

"உன்ட... அப்பா எப்பிடி? நல்ல மனிசனா?"

"அப்பாவா?" பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. "அப்பாக்கு நீந்தவே தெரியாது அங்கிள். ஆனா எனக்குப் பயம் போகோணும் எண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் பூலுக்குக் கொண்டுபோவார். ஆறு வருசம்! இடுப்பளவு தண்ணிக்குள்ள நடுங்கி நடுங்கி என்ட கையப் பிடிச்சிக்கொண்டு நிப்பார். நான் நீந்தப் பழகவே இல்ல. அவரும் பழகல்ல." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

பேர்டியும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அந்த இயன் ஒரு குடிகாரனாகவோ கைநீட்டுகிறவனாகவோ இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

"அம்மா? அவ சந்தோசமா இரிக்காவா?"

பியோனா கொஞ்சம் யோசித்தது. "நல்லாத்தான் இரிக்கா. ஒரேயொரு நாள் மட்டும் இல்ல. நத்தாருக்கு அடுத்த நாள் விடியவே அறையப் பூட்டிக்கொள்ளுவா. பின்னேரம் வரைக்கும் வெளிய வரமாட்டா, சாப்பிடமாட்டா. ஒவ்வொரு வருசமும். அப்பாதான் சமைப்பார், கதவடியில தேத்தண்ணி வைப்பார். நாங்க ஏன் எண்டு கேக்கிறேல்ல."

பேர்டி கையிலெடுத்த சோற்றைப் பீங்கானிலேயே திரும்ப வைத்தார்.

அவள் மறந்துபோனாள் என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தார். புதுப் புருசன், புது ஊர், ரொபினைத் துடைத்துப் போட்டுவிட்டாள் என்று கோயிலடியில், தவறணையில், கண்ட கண்ட ஆட்களிடம் சொல்லித் திரிந்திருந்தார். அவளோ பூட்டின கதவுக்குப் பின்னால், வருசா வருசம், தன்னந்தனியாக. தாலி கட்டினவனுக்கு அழக்கூட ஒளிக்க வேண்டியிருக்கிறது அவளுக்கு. எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தின இவரோ, ஒளிக்காமல் வருசத்துக்கு நாலு தரம் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோகிறார்.

கை கழுவிவிட்டு வந்து ஆட்டோவை எடுத்தார். கல்லடிப் பாலத்தில் நிறுத்தி, பழைய பாலம் எது புதுப் பாலம் எது என்று காட்டினார். பாலத்தடியில் மீன் பாடும் என்கிறார்களே, மெய்யா என்று பிள்ளை கேட்டதற்கு, "நான் கேட்டதில்ல. கேட்டனெண்டு சொல்லுறவனும் கேட்டிருக்கமாட்டான்" என்றார். பிள்ளை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இனி லாஸ்ட், சேமக்காலை" என்றது பியோனா. "அம்மாட ஆட்கள் ஆரும் அங்க இரிப்பாங்களா அங்கிள்?"

"இரிப்பாங்க."

வண்டி தானாகவே போகிற மாதிரிப் போனது. சேமக்காலை மதில் தெரிந்தது. பெரிய கேற் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மாடு புல் மேய்ந்துகொண்டு நின்றது. ரொபினின் கல் இடது பக்கம், மூன்றாம் வரிசை. றோட்டிலிருந்தே தெரியும், சிலுவையின் மேல்நுனி மட்டும். வண்டியை நிறுத்தினால் போதும். இருபது அடி நடந்தால் போதும். பிள்ளை வாசிக்கும். பிறகு திரும்பி இவரைப் பார்க்கும். அங்கிள் என்று கூப்பிடாது.

அந்தப் பார்வைக்காகத்தான் அவர் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை போனை எடுக்கும். தாயிடம் கேட்கும். அங்கே சார்மெயின் வாய் திறக்க வழியில்லாமல் நிற்பாள். முந்தி ஒருநாள் நின்ற மாதிரியே. மறுபடியும் இவராலே.

பேர்டி வேகத்தைக் கூட்டினார். கேற்றைத் தாண்டி வண்டி போனது.

"அங்கிள், அதுதானே?"

"பூட்டு. இண்டைக்குப் பூட்டு."

"திறந்திருந்த மாதிரிக் கிடந்திச்சே?"

"அது மாட்டுக்குத் திறந்து விட்டது. ஆட்களுக்குப் பூட்டு."

கண்ணாடியில் பார்த்தார். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது, ஏமாந்துபோன முகத்தோடு. பரவாயில்லை என்று தோளை உயர்த்தியது. ரொபினும் அப்படித்தான் உயர்த்துவான்.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். பாசிக்குடாப் பக்கம் போகிற பஸ் நின்றது. "அடுத்த முறை வந்தா அங்க கூட்டிக்கொண்டு போங்க அங்கிள், பிரொமிஸ்?"

"அடுத்த முறை நீ வரக்குள்ள நானே அங்கதான் கிடப்பன். எனக்காகவாவது திறப்பானுகள்."

"அய்யோ அங்கிள்!" பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தது. கள்ளும் நண்டும் மணத்தது. பேர்டி இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கடைசியில் ஒரு கையை அதன் தலையில் வைத்தார். வைத்தவுடனே எடுத்தார். இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் எடுத்திருக்கமாட்டார்.

பஸ் போனது. ஜன்னலால் கை காட்டினது தெருவளைவு வரைக்கும் தெரிந்தது.

ஆட்டோவுக்குள் ஏறி இருந்து போனை எடுத்தார். இத்தனை வருசத்தில் அவராக அவளுக்குப் போன் எடுத்ததில்லை. அங்கே இருட்டியிருக்கும். இரண்டாம் மணியிலேயே எடுத்தாள். முழிப்பாகத்தான் இருந்திருக்கிறாள்.

"மாமா? சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சேமக்காலைக்கு..."

"கூட்டிக்கொண்டு போகல்ல. பூட்டெண்டு பொய் சொன்னன்."

பேர்டி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சார்மெயின், அண்டைக்கு நான் குழியடியில சொன்னது பிழை. உங்களப் போக விடாம மறிச்சது நான். அத நீ ஒருத்தருக்கும் சொல்லல்ல. நான்தான் உன்னச் சொல்லித் திரிஞ்சன்."

அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நானும் பிடிச்சன் மாமா. ஒரு கையில புள்ள. மற்றக் கையில அவர்ட கை. தண்ணி ரெண்டாந்தரம் அடிக்கக்குள்ள அவராத்தான் விட்டார். புள்ளயப் பிடி எண்டார். கேட்டது எனக்கு."

இதை அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கேட்டதுமில்லை.

"ஓம் மனே" என்றார், பெத்த மகளைக் கூப்பிடுகிற மாதிரி.

பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். வண்டியை எடு கிழவா என்று கத்தினான். பேர்டி எடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.