ஆர்னோ வீட்டில் விடைபெற்றவர்கள்

1984 அக்டோபர் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆர்னோ தீல்கே வீட்டில் விடைபெற எழுந்த நான்கு விருந்தாளிகள் அடுத்த மார்ச் பதினேழாம் தேதிதான் கார்களைக் கிளப்பினார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து கார் நின்ற இடம் நாற்பது அடி. அந்த வருடம் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது, பால் விலை இறங்கியது, லூத்தரன் தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள்.

விஸ்கான்சினில் எங்கள் ஆல்டன்டார்ஃபுக்கு வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் எல்லோரும் வடக்கே கடலோரப் பொமரேனியாக்காரர்கள். தோல் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் எதிரே வந்திருந்தால் கல்லால் அடித்திருப்பார்கள். அவர்கள் வம்சத்தில் வந்த நாங்களோ அக்டோபர் பிறந்ததும் தபாலில் வரவழைத்த தோல் அரைக்கால்சட்டையை மாட்டி, கார் கொட்டகையில் நீல வெள்ளைக் காகிதத் தோரணம் கட்டி, பீர்ப் பீப்பாயைத் திறந்து, பார்த்தேயிராத தெற்கு ஜெர்மனிப் பவேரியாவின் திருவிழாவை வீட்டுக்கு வீடு கொண்டாடுகிறோம். ஏன் என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. தீல்கே வீட்டில் இதையெல்லாம் முன்நின்று நடத்தியவர் ஆர்னோவின் மனைவி லவெர்ன். அவர் அந்த ஏப்ரலில் இறந்துபோனார். இந்த வருடம் விருந்து கிடையாது என்று ஊரே முடிவு கட்டியிருந்தபோது ஆர்னோ முப்பது பேருக்கு அழைப்பு எழுதினார். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத மனிதர். ஐந்து மாதமாக அந்த வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு குரல் இல்லை. மழை வரும் என்று ரேடியோ சொன்னால் "வரட்டும்" என்று பதில் சொல்கிற நிலைக்கு வந்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது பீர் இல்லை, பேச்சுச் சத்தம்.

மனைவியை இழந்தவனிடம் என்ன பேசுவது என்ற தயக்கத்தில் இருபத்தாறு பேர் வரவில்லை. வந்தவர்கள் மூன்று மைல் தள்ளியிருக்கும் டெல்மரும் அவர் மனைவி ஆர்டிஸும், மாட்டுப் பண்ணைக்காரர் வெர்லின், ஊருக்குத் தபால் கொண்டுவரும் ஜோலீன். பீரிலும் வெங்காயத்திலும் வேகவைத்துச் சுட்ட சாசேஜையும் சிவப்பு முட்டைக்கோஸையும் சாப்பிட்டார்கள், போல்கா இசைத்தட்டுக்கு ஆடினார்கள், ஐந்து மணிக்குத் தொடையில் தட்டி, "சரி, அப்ப…" என்று எழுந்தார்கள்.

எங்கள் ஊரில் விடைபெறுவது ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. மேசையருகே ஒரு பேச்சு, கதவருகே ஒரு பேச்சு, படியில் ஒன்று, கார் கண்ணாடியை இறக்கி இன்னொன்று. கடைசியில் வீட்டுக்காரர், "மான் குறுக்க வரும், பாத்து ஓட்டுங்க" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் யாரும் சாவியைத் திருப்புவதில்லை. தீல்கே வீட்டில் அதைச் சொல்வது லவெர்ன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமும் பின்னால் நின்று தலையாட்டியவர் ஆர்னோ. இப்போது சொல்ல வேண்டியவர் அவர். சொன்னால் வீடு காலியாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை. தண்ணீர் பம்பு பழுதான கதையைத் தொடங்கினார்.

கதவைத் தாண்ட அக்டோபர் முழுவதும் ஆனது. வெர்லினின் இருபத்தெட்டுப் பசுக்கள் காலையும் மாலையும் சாலையோரமாக நடந்து வந்து, முற்றத்தில் பால் கொடுத்துவிட்டுத் திரும்பின. தபால் வேண்டியவர்கள் ஜோலீனிடம் வந்து வாங்கிப்போனார்கள். அப்படி வந்த ஊர்க்காரர்கள் கையோடு ஏதாவது சமைத்துக் கொண்டுவந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பாதிரியார் ஞாயிறுதோறும் பிரசங்கத்தை முடித்துவிட்டு இங்கே ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுப் போனார். மான் வேட்டைக்காலம் தொடங்கியபோது நால்வரும் வாசற்படிக்கு வந்திருந்தார்கள். முப்பது வருடத்தில் ஒரு முறைகூட வேட்டையைத் தவறவிடாத டெல்மர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது கொம்புள்ள பெரிய மான் ஒன்று காட்டிலிருந்து இறங்கி வந்து, மூன்று கார்களுக்கும் நடுவே நின்று நால்வரையும் பார்த்தது. நால்வரும் ஆர்னோவைப் பார்த்தார்கள்.

"யார் வீட்டு நாயோ" என்றார் ஆர்னோ.

"நாய்க்கு எட்டு கிளைக் கொம்பா? நல்ல ஜாதிதான்!" என்றார் டெல்மர். ஜோலீன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். யாரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பனி விழத் தொடங்கியதும் ஆர்னோ வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் கொண்டுவந்து அவர்கள் தோளில் போர்த்தினார். கிறிஸ்துமஸ் படியிலேயே வந்து போனது. அந்தக் குளிர்காலத்தில் ஆர்னோ பேசியதுபோல் யாரும் பேசிக் கேட்டதில்லை. பம்பு, போர்க்கால பூட்ஸ், பாலாடைக்கட்டியில் பூஞ்சை பிடிக்கும் விதம் எல்லாம் தீர்ந்து, பிப்ரவரியில் மறுபடி பம்புக்கு வந்தார்.

மார்ச் நடுவில் அவர்கள் கார்களில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கியிருந்தார்கள். ஆர்டிஸின் மகளுக்கு கிரீன் பே நகரத்தில் பிரசவ வலி எடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆர்டிஸ் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி ஆர்னோவின் சட்டையைப் பிடித்தார்.

"ஆர்னோ, நான் போவணும்பா. லவெர்ன் சொல்றத நீ சொல்லு."

"இரு, காபி கொண்டாறேன்."

"அஞ்சு மாசமா ஒன் காபியத்தான் குடிக்கிறோம். பொண்ணு தனியாக் கெடக்கா."

ஆர்னோ கார் கூரையைத் தடவிக்கொண்டே நின்றார். "சொன்னா நீங்க போயிடுவீங்க."

"போவோந்தான்."

"உள்ள போனா ரேடியோ மட்டுந்தான் இருக்கும் ஆர்டிஸ். எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும்யா. அதுக்குத்தான் இத்தன நாள் நின்னோம்."

பக்கத்துக் காரிலிருந்த வெர்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆர்னோ கார் கூரையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மான் குறுக்க வரும்" என்றார். "பாத்து ஓட்டுங்க." மூன்று கார்களும் ஒரே சமயத்தில் கிளம்பின. பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துபோய், தபால் பெட்டியருகே நின்றார். அப்புறம் உள்ளே வந்து நான்கு பீர்க் கோப்பைகளையும் கழுவினார். அன்றும் அதற்குப் பிறகு பல நாட்களும் அவர் தனியாக இருந்தார். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்டிஸுக்குப் பேத்தி பிறந்தாள்.

அடுத்த செப்டம்பரில் ஆர்னோ மறுபடி அழைப்பு எழுதினார். ஒரு குளிர்காலத்தையே பறிகொடுத்தவர்கள் மறுபடி வருவார்களா என்று எண்ணி, இரண்டு முறை கிழித்துப்போட்டுவிட்டு மூன்றாவது முறைதான் அஞ்சலில் சேர்த்தார். அக்டோபர் முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஜோலீன், மார்ச் வரை தன் வேலையைப் பார்க்க மாற்று ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். வெர்லின் கறவை இயந்திரத்தையே லாரியில் ஏற்றி வந்தார். டெல்மர் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து படியோரம் சாய்த்துவைத்தார். ஆர்டிஸ் கனத்த குளிர்காலக் கோட்டு இரண்டை நெஞ்சோடு அணைத்தபடி நுழைந்து, "இதெல்லாம் எங்கய்யா மாட்டறது?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்த கொக்கிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஆர்னோ ஒரு கொக்கியில் இன்னும் தொங்கிய லவெர்னின் கோட்டை எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அந்தக் கொக்கியைக் காட்டினார்.