காப்பி நேரத்தில் ஏறிய பெயர்

மார்ச் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை, ஸ்வீடனின் கிரான்நேஸ் ஊர் மக்கள் மன்றத்தில் ஒட்டியிருந்த வரைவு வேட்பாளர் பட்டியலில், ஏழாம் வரியில் இருந்த சிக்னே லிண்டின் பெயர் ஆறாம் வரிக்கு ஏறியது. அன்றைக்குக் காப்பித்தூள் விலையும் ஏறியது; ஊர் பேசியதென்னவோ காப்பித்தூளைப் பற்றித்தான். அடுத்த வியாழன் பெயர் ஐந்துக்கு வந்த பிறகே ஆளாளுக்கு முழிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தத் தொகுதியில் தொழிலாளர் கட்சிக்கு எப்போதும் மூன்று இடம் கிடைக்கும். பட்டியலின் முதல் மூன்று வரி ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்துக்குப் போகும், மீதி வீட்டில் இருக்கும். சிக்னே நான்கு தேர்தலாக ஏழாம் வரியில் கிடந்தாள். மர ஆலையில் கட்டைகளை அளப்பது அவள் வேலை. விற்பவன் சொல்லும் அளவையும் நம்பமாட்டாள், வாங்குபவன் சொல்வதையும் நம்பமாட்டாள். ஆனால் பட்டியல் போடும்போது மட்டும் அவள் அறையில் இருந்ததே இல்லை. வியாழன்தோறும் கூடிப் பட்டியல் போடும் கட்சிக் குழுவின் தலைவர் ரூனே, "கொஞ்சம் காப்பி குடிக்கலாமா?" என்பார். சிக்னே உட்பட, குழுவில் இருந்த நான்கு பெண்களும் சமையலறைக்குப் போவார்கள். தட்டோடு திரும்புவதற்குள் ஐந்து ஆண்களும் வரிசையை முடித்து, முடிவென்று மேசைச் சுத்தியலையும் தட்டியிருப்பார்கள்.

முதல் சந்தேகம் அச்சகத்து எஸ்கில் மேல் விழுந்தது. அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். பட்டியலுக்குக் கண்ணாடி போட்டுப் பூட்டினார்கள். பூட்டிய கண்ணாடிக்குள்ளேயே பெயர் நான்காம் வரிக்கு ஏற, அங்கிருந்தவர் மரியாதையாகக் கீழே இறங்கிக்கொண்டார். எல்லாரையும்விட அதிகம் சந்தேகப்பட்டது சிக்னேதான்.

"யாரோ என்னை மாட்டிவிடப் பாக்கறாங்க," என்றாள் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும், குழுவிலும் இருக்கும் தோழி மாய்க்கனிடம். "மேல ஏத்திட்டு, மோசடின்னு சொல்லி பேரை மொத்தமா அடிச்சிருவாங்க."

"அடிக்கட்டுமே. ஏழாவது வரில இருந்தவ நீ, எதைடி இழக்கப் போற?"

பெண்கள் சமையலறையில் இருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் பெயர் நகர்கிறது என்று கண்டுபிடித்தவர் ரூனே. மூன்றாம் வரி அவருடையது. பட்டியலை முடிவு செய்யும் கடைசி வியாழனன்று அவர் எழுந்து, "இன்னைக்கு நீங்க உக்காருங்க தோழர்களே. காப்பி நாங்க போடறோம்," என்றார்.

சிக்னே கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு?"

"எதுக்கா? சமத்துவம்தான்!"

முதலில் ரூனே போனார். பாத்திரம் எங்கே என்று தெரியாமல் இன்னொருவரைக் கூப்பிட்டார். அடுப்பு பற்றவைக்க மூன்றாமவர், தூள் தேட நான்காமவர், ஐந்தாமவர் வேடிக்கை பார்க்க.

"வடிகட்டி எங்கம்மா இருக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாய்க்கன் வாயைத் திறந்தாள். சிக்னே அவள் முழங்காலை அழுத்தினாள்.

பெயர் நகரவில்லை. சிக்னே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் வரியில் அசையாமல் நின்றது. தன் வேலையைப் பட்டியலின் மையே செய்யட்டும் என்று உட்கார்ந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. சுத்தியலை எடுத்தாள்.

"கூட்டத்தை யாரும் ஒத்திவைக்கலையே?"

"இல்ல," என்றாள் மாய்க்கன். நான்கு பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்ற விதியை எழுதியவரே ரூனேதான். ஆண்களில் ஒருவர் சளி பிடித்துப் படுத்தாலும் காரியம் நிற்கக்கூடாது என்று.

"முதல் வரி, சிக்னே லிண்ட். எதிர்ப்பு உண்டா?"

சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. அவள் சுத்தியலைத் தட்டினாள். கண்ணாடிக்குள் பெயர் மூன்று வரியையும் ஒரே மூச்சில் ஏறியது. மாய்க்கன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

தட்டோடு வந்த ரூனே கண்ணாடியைப் பார்த்தார். அவர் பெயர் நான்கில் இருந்தது. "இது எப்ப முடிவாச்சு?"

"நீங்க காப்பி போடும்போது," என்றாள் சிக்னே.

ஒருவரும் வாதாடவில்லை. அந்த மன்றத்தில் பட்டியல் முடிவாவது அப்படித்தான். எஸ்கில் அந்த வரிசையிலேயே அச்சடித்தான். செப்டம்பரில் அவள் ஸ்டாக்ஹோம் போனாள், ஒன்பது வருடம் இருந்தாள். பட்டியல் முடிவான அன்று மாலை ரூனே அவள் முன்னால் ஒரு காப்பிக் கோப்பையை வைத்தார். அவர் தன் கோப்பையிலிருந்து முதல் வாய் குடிக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை.